பூ இல்லாத நாளிலும் பார்க்க வைக்கும் செடிகள் எவை?

முன்வாசல்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு முன்னால் 20 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு வெள்ளைச் சுவர். மதியம் முதல் சாயங்காலம் வரை அதன் மேல் நல்ல வெயில் விழும். எதிர் மூலையில் நாள் முழுக்க நிழல். இத்தனை வருஷமும் பருவத்துக்கு ஒரு பூச்செடி நட்டு, அது காய்ந்ததும் பிடுங்கிப் போட்டு, மறுபடி நட்டு என்றே ஓடிவிட்டது. இரண்டு மாதம் அழகாக இருக்கும், மற்ற மாதங்களில் வெறும் மண்.

இனி ஒரு தடவை நட்டால் பல வருஷம் நிற்கிற செடிகளாக வேண்டும். பூத்தாலும் பூக்காவிட்டாலும் உருவத்துக்காகவே பார்க்கத் தோன்றவேண்டும். 'ஆர்க்கிடெக்சுரல் பிளான்ட்' என்கிறார்களே, அந்த வகை. எங்கும் பார்க்கிற செடியாக இல்லாவிட்டால் இன்னும் சந்தோஷம். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தண்ணீர் விட என்னால் முடியாது. வீட்டில் 4 வயதுக் குழந்தையும் ஒரு நாயும் உண்டு. வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்வெட்டி:

சுவர் ஓரத்துக்கு ஆனைக்கற்றாழைதான். ஒரு கன்று நட்டால் போதும், அப்புறம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் 5 வருஷமாக இருக்கிறது, ஒரு வாளி தண்ணீர் விட்டதில்லை. நீலம் கலந்த சாம்பல் நிறம் வெள்ளைச் சுவருக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

அடிமட்டை:

மண்வெட்டி சொன்னதில் தப்பில்லை. அந்தச் செடி மேல் எனக்கும் கொள்ளை ஆசை. ஆனால் 12 அடி அகலத்தில், குழந்தை ஓடி விளையாடுகிற இடத்தில் அதை நடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் நட்டபோது கன்று உள்ளங்கை அளவுதான். நடைபாதையிலிருந்து 2 அடி தள்ளி வைத்தேன், போதும் என்று நினைத்தேன். ஏழாம் வருஷம் அளந்தபோது குறுக்களவு 9 அடி. மடல் ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் முள், அது நிற்பது ஒரு குழந்தையின் முக உயரத்தில். பாதையில் நீட்டிய மடல்களை அறுத்தேன். தெறித்த சாறு முழங்கையில் பட்டு ஒரு வாரம் கொப்புளமும் எரிச்சலுமாக இருந்தது. அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அவை தோலில் குத்துவதால்தான் அந்த எரிச்சல். அறுத்த பிறகு செடியின் உருவமும் கெட்டது. எந்த வடிவத்துக்காக நட்டேனோ அதை நானே வெட்டிப் போட்டேன்.

ஆனாலும் அதன் மடலை ஒரு முறை கிட்டத்தில் பாருங்கள். முதுகில் இன்னொரு மடலின் முள் வரிசை அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும். குருத்துக்குள் மடல்கள் ஒன்றை ஒன்று இறுக அணைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்த தடம் அது. விரிந்து வருஷக்கணக்கான பிறகும் அழியாது. காலையில் சாய்வெயில் படும்போது அந்த அலைக்கோடுகள் பளிச்சென்று தெரியும். அதைப் பார்க்கவே நான் பல நாள் அங்கே குந்தி உட்கார்ந்திருக்கிறேன்.

18ஆம் வருஷம் நடுவிலிருந்து மூங்கில் முளை மாதிரி ஒன்று கிளம்பியது. நாளுக்கு நாலு விரல் உயரம் என்று ஏறி, கடைசியில் வீட்டுக் கூரையைத் தாண்டி நின்றது. பூத்த பிறகு தாய்ச்செடி செத்துவிட்டது. இந்த இனம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். 'நூற்றாண்டுச் செடி' என்ற பெயர் இருந்தாலும் 10 முதல் 30 வருஷத்துக்குள் பெரும்பாலும் பூத்துவிடும். அடியைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் ஏராளமாக விட்டுப்போகும். அந்தக் காய்ந்த அடியைத் தோண்டி எடுக்க மூன்று நாள் ஆனது.

அதனால் பெயர்களைக் கேட்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நடப்போகும் செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு நாலு குச்சி நட்டு கயிறு கட்டி ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அதைச் சுற்றிப் போய் வாருங்கள், குழந்தை அங்கே விளையாடட்டும். உருவத்துக்காக வைக்கும் செடிக்கு அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் அழகில் பாதி. நெருக்கி நட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே புதராகிவிடும்.

உங்களிடம் வெள்ளைச் சுவர் இருப்பது பெரிய வரம். செடியோடு அதன் நிழலையும் சேர்த்து நடுகிறீர்கள். அதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்தது ஸ்ட்ரெலிட்சியா ஜன்சியா. சொர்க்கப்பறவைப் பூச்செடியைப் பார்த்திருப்பீர்கள், அதன் நெருங்கிய சொந்தம். வாழை போன்ற இலைப்பரப்பு இதில் இல்லவே இல்லை. இலைக்காம்புகள் மட்டும் கோரைத் தண்டு மாதிரி, ஆனால் உறுதியாக, நேராக எழும்பி நிற்கும். சுமார் 5 அடி உயரம். சாயங்கால வெயிலில் சுவரில் விழும் நிழல் பேனாவால் கோடு போட்டது போல இருக்கும். தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதியிலிருந்து வந்தது என்பதால் வாரம் ஒரு தண்ணீரே தாராளம். வாங்கும்போது கவனம்: இளங்கன்றில் சின்னச் சின்ன இலை இருக்கும், வயது ஏற ஏறத்தான் அது மறையும். விதையிலிருந்து வந்தது பூக்கப் பல வருஷம் ஆகும், பொறுமை வேண்டும்.

பூ வந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆரஞ்சு இதழ்களுக்கு நடுவே நீல அம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பறவை தேன் குடிக்க அதன் மேல் உட்கார்ந்தால் அம்பு பிளந்து மகரந்தம் வெளியே வந்து பறவையின் காலில் ஒட்டும். இலை உள்ள வகை, அதாவது ஸ்ட்ரெலிட்சியா ரெஜினே, 1773இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு வந்தது. மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற ஜெர்மானியச் சிற்றரசில் பிறந்த இங்கிலாந்து அரசி சார்லட்டைச் சிறப்பிக்கத் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் வைத்த பெயர் அது. ஒரு விஷயம், நாய் இந்தச் செடியைக் கடித்து விழுங்கினால் வாந்தி எடுக்கும். கடிக்கிற பழக்கம் இருந்தால் முதல் ஒரு வருஷம் கம்பி வலை கட்டுங்கள்.

நடுவில் தனியாக ஒன்று வேண்டுமென்றால் போகார்னியா. 'குதிரைவால் பனை' என்று விற்பார்கள், ஆனால் பனைக் குடும்பமே இல்லை. அடி பானை மாதிரி உப்பி, அதில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். உச்சியிலிருந்து ஒல்லி இலைகள் அருவி போலத் தொங்கும். நாய்க்கு நஞ்சில்லை. இலை விளிம்பு மட்டும் சற்றுக் கூர்மை. நடும்போது அந்த உப்பிய அடியை மண்ணுக்குள் புதைத்துவிடாதீர்கள், அழுகிப்போகும்.

நிழல் மூலைக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா. அடர்பச்சை இலைகள், ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து தனித்தனியாக எழும்பும். வெளிச்சம் குறைந்தாலும், தண்ணீர் தவறினாலும், பேசாமல் நிற்கும். நேர் வெயில் பட்டால் மட்டும் இலை கருகும். பூ மண்ணோடு மண்ணாக, ஊதாக் கிண்ணம் போல இருக்கும். மூடாக்கை விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் பெண்ணுக்கு அதைத் தேடுவது ஒரு விளையாட்டு. குழந்தைக்கும் நாய்க்கும் பயமில்லாத செடி.

முன்வாசல்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிகவும் நன்றி. நேற்றே கயிறு கட்டிவிட்டேன். 6 அடி வட்டம் என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரிந்தது, தரையில் பார்த்தால் பாதி வாசலைப் பிடிக்கிறது! இரண்டு கேள்வி. சுவரின் ஓரத்தில் ஏற்கெனவே திருகுகள்ளி ஒன்று 3 அடிக்கு வளர்ந்திருக்கிறது, பார்க்க அருமையாக இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், கடைகளில் எல்லாவற்றுக்கும் 'கடினமான செடி, எதையும் தாங்கும்' என்று எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

அடிமட்டை:

திருகுகள்ளியைக் குழந்தை வளரும்வரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இதை உறுதியாகவே சொல்கிறேன். ஒரு கிளை ஒடிந்தாலும் சொட்டுகிற பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், தற்காலிகமாகப் பார்வை போவதும் உண்டு. மாற்றும்போது கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி அது வெறுக்கவேண்டிய செடி இல்லை. இலை இல்லாமல் பச்சைக் குச்சிகளாலேயே ஒரு மரம் கட்டுவது சாதாரணமா? உலகம் முழுக்க அதன் அறிவியல் பெயர் யூபோர்பியா திருகள்ளிதான். மலபாரில் மக்கள் சொன்ன பெயரையே 1753இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் எடுத்து வைத்தார். நம் வாயில் புழங்கும் சொல் லத்தீன் பெயருக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

'எதையும் தாங்கும்' என்று ஒரு செடியும் இல்லை. எதைத் தாங்கும் என்று கேட்கவேண்டும். உறைபனியையா, வெயிலையா, வறட்சியையா, ஈரத்தையா? மேல்நாட்டுத் தோட்டக்காரர்கள் 'ஹார்டி' என்றால் பெரும்பாலும் குளிரைத் தாங்குவதைத்தான் சொல்கிறார்கள். டிராக்கிகார்ப்பஸ் என்ற விசிறிப்பனை பனிப்பொழிவிலேயே நிற்கும், அதற்காக உங்கள் சுவரின் அனலில் சந்தோஷமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கற்றாழை வகைகள் ஓரளவு குளிரையும் பொறுக்கும், ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் அடி அழுகிவிடும். நான் இழந்த செடிகளில் முக்கால்வாசி தேங்கிய நீரில் போனவைதான்.

அதனால் நடுவதற்கு முன் ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் குழிக்குள் மணல் போட்டு ஏமாறாதீர்கள், அது தண்ணீர் நிற்கும் தொட்டியாகிவிடும். மண்ணை ஒன்றரை அடி மேடாகக் குவித்து அதன் மேல் நடுங்கள்.

கிழங்குப்பிரியை:

நானும் ஒன்று சொல்லட்டுமா? பல்லாண்டுச் செடி என்றால் வருஷம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. சில மாதம் மண்ணுக்குள் தூங்கி எழுவதும் பல்லாண்டுச் செடிதான். எனக்கு அவைதான் உயிர்.

சேனையை அலங்காரச் செடியாக யாரும் நினைப்பதில்லை. ஒரே ஒரு இலைதான் வரும். ஆனால் அது எப்படி வருகிறது என்று பார்க்கவேண்டும். முதலில் ஈட்டி மாதிரி ஒரு முளை. உறை கிழிந்ததும் பாம்புத்தோல் போலப் புள்ளி போட்ட காம்பு உயர்கிறது, உச்சியில் மடக்கிய குடை. இரண்டு மூன்று நாளில் குடை மூன்றாகப் பிரிந்து விரிந்துவிடும். பெரிய கிழங்கு என்றால் இடுப்பு உயரத்துக்கு மேல் போகும். காம்பைக் கையில் பிடித்தால் சொரசொரவென்று இருக்கும். சாறு அரிக்கும், அதனால் குழந்தை கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள்.

செங்காந்தளை உங்கள் வீட்டுக்குச் சொல்லமாட்டேன். கிழங்கு முழுக்க கொல்ச்சிசின் என்ற நஞ்சு, உயிருக்கே ஆபத்து. ஆனால் குழந்தைகள் இல்லாத வீட்டுக்காரர்கள் படித்தால் யோசியுங்கள்: இலை நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பற்றும், பூ பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் சிவப்பாகும். பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் காந்தளை ஏன் உவமை சொன்னார்கள் என்று ஒரு மொட்டு விரிவதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

தூங்குகிற செடிக்கு அடையாளம் வைக்க மறக்காதீர்கள். ஒரு வருஷம் நான் வெறும் இடம் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டு, 6 வருஷக் கிழங்கை இரண்டாக வெட்டிவிட்டேன். அன்று முழுக்க மனசே சரியில்லை. இப்போது ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கூழாங்கல் வைக்கிறேன்.

முன்வாசல்:

எல்லோருக்கும் நன்றி. திருகுகள்ளி நாளை பின்கட்டுக்குப் போகிறது. குழியில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், இரண்டாம் தடவை ஒரு மணி நேரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. அப்படியானால் மேடுதான் போடவேண்டும். ஜன்சியாவைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கட்டும்?

அடிமட்டை:

மூன்றடி. இரண்டடியில் வைத்தால் பின்பக்கத் தண்டுகள் சுவரில் இடித்துச் சாயும். நாலடிக்கு மேல் போனால் நிழல் கலங்கிவிடும். அளந்து ஒரு குச்சி நட்டு, சாயங்காலம் 4 மணிக்கு அந்தக் குச்சியின் நிழல் சுவரில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மேட்டைப் போடத் தொடங்குங்கள்.