பெண் எலியை சேர்த்தா டேட்டா கெட்டுடுமா? கைடு வேணாங்கறார்

புதுஸ்காலர்:
பிஎச்டி முதல் வருஷம், நாள்பட்ட வலி பத்தி சுண்டெலில பண்ணப்போறேன். புரபோசல்ல ஆண் பெண் ரெண்டும் போட்டிருந்தேன், கைடு பெண் எலியை மட்டும் நீக்கிட்டார். பெண் எலிக்கு நாலஞ்சு நாளைக்கொரு ஈஸ்ட்ரஸ் சைக்கிள் (இனப்பெருக்கச் சுழற்சி), ஹார்மோன் ஏறி இறங்கும், டேட்டா சிதறும், எலி எண்ணிக்கையும் டபுள் ஆகும்ங்கறார். நிஜமாவா? வித்தியாசம் வந்தா அது ஹார்மோனாலதான்னு எப்படி காட்டுறது?

வலிலேப்:
வலி ஆய்வுலயே ஆண் எலி மட்டுமா, அடக்கொடுமையே. 2015ல வலி ஆய்வாளர் மோகில் குழு நேச்சர் நியூரோசயின்ஸ் இதழ்ல போட்டதை எடுத்துட்டுப் போங்க. ஆண் எலில தண்டுவட மைக்ரோக்லியாவை (நரம்பு மண்டலத்தோட நோயெதிர்ப்பு செல்) தடுத்தா வலி குறையுது, பெண் எலில அது எடுபடல, அங்க டி செல்ங்கற வேற நோயெதிர்ப்பு செல் அந்த வேலையை பாக்குதுன்னு காட்டுனாங்க. சிதறல் பயத்துக்கு 2014ல ப்ரெண்டர்காஸ்ட் குழு முந்நூறுக்கு கிட்ட கட்டுரைகளை அலசி, சைக்கிள் பாக்காம எடுத்த பெண் எலி டேட்டாகூட ஆணைவிட அதிகமா சிதறலன்னு சொல்லியாச்சு. ஒரே கூண்டுல சண்டை போடுற ஆண் எலிங்களோட டெஸ்டோஸ்டிரோனும் ஒண்ணும் சீரா இருக்காது, அதை ஏனோ யாரும் கேக்கறதில்ல.

பிவேல்யூ:
டபுள் ஆகாது சகோ. குரூப்புக்கு பத்து எலின்னா அஞ்சு ஆண் அஞ்சு பெண், மருந்து, பால் ரெண்டையும் சேர்த்துப் பாக்குற டூ வே அனோவா கணக்கு. மருந்தோட மெயின் எஃபெக்ட், அதாவது ரெண்டு பாலையும் சேர்த்துப் பாத்தா வர்ற விளைவு, தெரிய இது பெரும்பாலும் போதும். ஆனா பால் வேறுபாடுதான் தீசிஸே அப்படின்னா, மருந்து ஆண்ல ஒரு மாதிரியும் பெண்ல வேற மாதிரியும் வேலை செய்யுதாங்கற இன்டராக்‌ஷனை புடிக்க நிறைய எலி வேணும், அந்த விஷயத்துல கைடு சொல்றதுல நியாயம் இருக்கு. ஆண்ல பி 0.03, பெண்ல 0.09, ஒண்ணு 0.05க்கு கீழ, இன்னொண்ணு மேல, அதனால ரெண்டுக்கும் வித்தியாசம்னு மட்டும் எழுதிடாதீங்க, ரெண்டையும் நேரா ஒப்பிட்டு சோதிக்கணும். வெளியான பேப்பர்லயே இதைப் பாத்து பாத்து அலுத்துப்போச்சு.

டாக்டர்_இரவுப்பணி:
பெண்களை தனியா பாக்காததுக்கு உதாரணமா உங்க கைடுகிட்ட சொல்பிடெம் தூக்க மாத்திரையையும் சொல்லுங்க, பெண்களுக்கு 10 மில்லிகிராமை 5 ஆக்கச் சொல்லி அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவிச்சது 2013லதான், மருந்து வந்து இருபது வருஷம் கழிச்சு.

புதுஸ்காலர்:
அப்ப அதுவும் ஹார்மோன்தானே?

வலிலேப்:
அவசரப்படாதீங்க, அது பெண்கள் உடம்புலேர்ந்து மருந்து மெதுவா வெளியேறுற விஷயம், அதுக்குப் பின்னாடி ஹார்மோன்தான்னு அதை வச்சே சொல்லிட முடியாது. உங்க எலில முதல்ல விரை, சினைப்பையை எடுத்துட்டுப் பாருங்க. வித்தியாசம் மறைஞ்சு, ஹார்மோனை திருப்பி குடுத்தா வந்துச்சுன்னா இப்ப ஓடுற ஹார்மோனோட வேலை. மறையலன்னா பிறக்கறதுக்கு முன்னாடியோ பிறந்த உடனேயோ ஹார்மோன் போட்ட அச்சா இருக்கலாம், 1959ல கினிப்பன்றில காட்டுன சமாச்சாரம், இல்லன்னா குரோமோசோமே காரணமா இருக்கலாம். அதைப் பிரிக்க ஃபோர் கோர் ஜீனோடைப்னு ஒரு எலி வகை இருக்கு, விரையை உருவாக்க வைக்கிற எஸ்ஆர்ஒய் ஜீனை ஒய் குரோமோசோம்லேர்ந்து எடுத்து வேற குரோமோசோம்ல வச்சிருப்பாங்க, அதனால எக்ஸ்எக்ஸ் எலிக்கு விரை, எக்ஸ்ஒய் எலிக்கு சினைப்பைன்னு எல்லா கலவையும் கிடைக்கும். முதல் வருஷமே இதுல இறங்காதீங்க. அப்புறம் பெண் எலிக்கு சைக்கிள் எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாக்க ஸ்மியர் (பிறப்புறுப்பு செல் மாதிரி) எடுக்கறதா இருந்தா ஆண் எலியையும் தினம் அதே அளவு கைல புடிங்க, இல்லன்னா நீங்க புடிச்ச ஸ்ட்ரெஸ்ஸே பால் வேறுபாடா வந்து நிக்கும்.