பழைய மூடி, வாஷர், செம்புக் கம்பியில் சிக்குக் கோலம்: கம்பி துண்டாகிறது, வாஷர் விழுகிறது

கேள்வி:
வெள்ளை ப்ரைமர் பூசிய 6 மி.மீ. பிளைவுட். புள்ளிகளுக்கு சோடா மூடியும் பழைய இரும்பு வாஷரும், இழைக்கு 1 மி.மீ. செம்புக் கம்பி. 5×5 நேர்ப்புள்ளி, இடைவெளி 5 செ.மீ. பெவிகாலில் ஒட்டிய வாஷர் தட்டினாலே விழுகிறது, சுற்றிலும் பழுப்புக் கறை வேறு. கம்பியும் ஐந்து துண்டாகத்தான் வருகிறது. ஒரே கம்பியில் முடிக்க முடியாதா?

பதில் 1:
முடியும், 5×5-இல் அல்ல. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எங்கும் இழை பின்னிப்போகும் சாதாரணச் சிக்கில், வரிசை எண்ணிக்கை, ஒரு வரிசையின் புள்ளி எண்ணிக்கை இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை தனி இழைகள் வரும். 5×5-க்கு ஐந்து, 4×5-க்கு ஒன்றே.

இடைவெளியையும் 6 செ.மீ. ஆக்குங்கள். புள்ளியின் நடுவிலிருந்து இழை, இடைவெளியில் சுமார் 35 சதவீதம் தள்ளி ஓடும். 5 செ.மீ. என்றால் 1.77 செ.மீ.தான், மூடியின் ஆரமே 1.6, கம்பி உரசும். 6 செ.மீ.க்கு 2.1 கிடைக்கும். கம்பி நீளம், புள்ளி ஒன்றுக்கு இடைவெளியைப் போல் 2.83 மடங்கு. 20 புள்ளிக்கு 3.4 மீட்டர், வளைவு, முனை சேர்த்து 4 மீட்டர் வெட்டுங்கள்.

பதில் 2:
விழுவதற்கும் கறைக்கும் காரணம் அந்தப் பசைதான். அது நீர்ப்பசை, மரம் ஈரத்தை உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. வாஷருக்கடியில் அடைபட்ட ஈரம் துருவைக் கிளப்புகிறது. வாஷரை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, அரால்டைட் போன்ற இரட்டைக் குழாய் எபாக்சியால் ஒட்டுங்கள். இரண்டையும் சம அளவு எடுத்து நன்றாகக் கலக்காவிட்டால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு நாள் பாரம் வையுங்கள். மூடிக்கு விளிம்பு மட்டுமே பலகையில் படும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் வட்டைப் பெயர்த்துவிட்டு எம்-சீல் (பிசைந்து நிரப்பும் எபாக்சி மாவு) நிரப்பி ஒட்டுங்கள். இருக்கும் கறைமேல் மறுபடி நீர்ப்பெயிண்ட் அடித்தால் ஊறி வெளியே வரும். முதலில் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கோட்.

பதில் 3:
கம்பியை ஒட்டவே வேண்டாம். இழை வெட்டிக்கொள்ளும் இடங்களில் இருபக்கமும் 1 மி.மீ. துளையிட்டு, மெல்லிய கம்பியால் கட்டிப் பின்னால் முறுக்குங்கள். 4×5-இல் 31 வெட்டிடங்கள். ஒன்றுவிட்டு ஒன்று போதும் என்பார்கள், நடுவில் எழும்பி நிற்கும். கம்பி விறைப்பாக இருந்தால் மங்கிய சிவப்பாகும்வரை சுட்டு நீரில் போடுங்கள், இளகிவிடும். மோட்டார் வைண்டிங் கம்பியைச் சுடாதீர்கள், மேல்பூச்சு எரிந்து நச்சுப்புகை வரும். பலகையின் பின்புறத்துக்கும் ஒரு கோட் பெயிண்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் வளையும்.