குதிரை விழுந்த படத்தில் தொப்பி ஏன் இவ்வளவு சுத்தம்?

பனையோலை:
பெரியம்மாவின் றங்குப்பெட்டிக்குள் தடித்த மட்டையில் ஒட்டிய ஒரு பழைய படம் கிடைத்தது. சேணத்தோடு குதிரை பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை மல்லாந்து கிடக்கிறார். தொப்பி நாலு முழம் தள்ளி. பின்னால் மூன்று பனை. மட்டையின் பின்பக்கம் வெறுமை.
எனக்குப் படுவது இதுதான்: குதிரை அதிகாரம், தொப்பி மகுடம், இரண்டும் மண்ணில். நிமிர்ந்து நிற்கும் பனை நாங்கள். எடுத்தவர் கட்டாயம் எங்கள் ஆள்தான்.

கண்ணாடித்தட்டு:
அண்ணை, பனை வரைக்கும் போகமுதல் தொப்பியைப் பெருப்பித்துப் பாருங்கள். அந்தக்காலத்தில் படமெடுத்த ஈரத்தட்டுக்கு, அதாவது ஈர மருந்து பூசிய கண்ணாடித் தட்டுக்கு, நீலம்தான் நன்றாகத் தெரியும், சிவப்புப் பட்டால் கறுப்பாகத்தான் பதியும். படத்தில் நிலம் கருகருவென்று இருக்கிறது, அது செம்மண்ணாக இருக்கலாம். அதில் உருண்ட தொப்பியில் ஒரு கறுப்புத் திட்டுக்கூட இல்லை. யாரோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.
இன்னொன்று. ஈரத்தட்டு முறை 1851இல் வந்தது. தட்டில் மருந்து பூசி, காய முதல் படமெடுத்து, காய முதல் கழுவவும் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். எங்கள் வெயிலில் அதுவும் கிடைக்குமோ தெரியாது. பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் வேண்டும். துரை விழட்டும் என்று கூடாரம் அடித்துக் காத்திருந்தார்களா? இது நடிப்பு.

கீரிமலைக்காற்று:
எங்களுக்குக் குதிரை என்றால் அதிகாரம் மட்டுமா? யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தின் பெயரை எடுங்கள், மா என்றால் குதிரை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறினாள், மா விட்ட புரம் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி எழுந்தருளுவதும் குதிரை வாகனத்தில். நெடுந்தீவில் அதே குதிரை கட்டாக்காலியாகத் திரிகிறது. விழுந்த குதிரையைப் பார்த்தால் என் ஆச்சி ‘அபசகுனம்’ என்றுதான் சொல்லியிருப்பா, ஆட்சி சரிந்தது என்று சொல்லமாட்டா.

பனையோலை:
சரி, நடிப்பு என்றே வைப்போம். அப்போது அர்த்தம் கூடத்தானே செய்யும்? 1840இல் பயார் என்ற பிரெஞ்சுக்காரர், படக்கலையைக் கண்டுபிடித்த பெருமை தகேர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரருக்கே போய்விட்டது என்ற கோபத்தில், தான் தண்ணீரில் மூழ்கிச் செத்த பிணம்போலக் கிடந்து படமெடுத்தார். அது நடிப்பு என்பதற்காக அதில் ஒன்றும் இல்லை என்பீர்களா? ஒரு பொருளை எடுத்து வைத்தால், ஏதோ நினைத்துத்தான் வைக்கிறார்கள்.

கண்ணாடித்தட்டு:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் நினைத்தது? கிடக்கிற துரைதான் காசு கொடுத்தவராக இருக்கும். சொந்த வீழ்ச்சியைப் பகிடியாக எடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பார். குதிரையின் மேல் காதைப் பாருங்கள், கலங்கிப்போய் இருக்கிறது. ஈ மொய்த்துக் காதை ஆட்டியிருக்கிறது. உயிருள்ள குதிரை, படுக்கப் பழக்கியது. படைக்குதிரைகளுக்கு அப்படிப் பழக்குவார்கள்.
அப்புறம் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டே இடது ஓரம் வரைக்கும் போங்கள். அது தரையில் கிடக்கவில்லை, இழுபட்டு நிற்கிறது.

கீரிமலைக்காற்று:
ஐயோ, ஓம். புகைபோல ஒன்று. நான் கறை என்றல்லவா நினைத்தேன்.

கண்ணாடித்தட்டு:
கறை இல்லை. குதிரைக்காரன். 1838இல் தகேர் பாரிஸ் வீதி ஒன்றை எடுத்தபோது, படம் பதிய நேரம் எடுத்ததால், போய்வந்த வண்டியும் சனமும் ஒன்றும் பதியவில்லை. சப்பாத்துத் துடைக்க ஒரே இடத்தில் நின்றவர்தான் பதிந்தார். இங்கேயும் அதே கணக்குத்தான். துரைக்கு அசையாமல் கிடப்பது வேலை. இவருக்குக் குதிரையை எழும்பவிடாமல் பிடிப்பது வேலை. அதனால் இவர் புகையாகிவிட்டார்.

பனையோலை:
இடது ஓரத்தை மட்டும் திரும்ப ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறேன். கைமுட்டி தெளிவு, முழங்கைக்கு மேல் ஒன்றும் இல்லை. பனையை விடுகிறேன். ஆனால் ‘எங்கள் ஆள்’ என்பதை விடமாட்டேன், இடத்தைத்தான் மாற்றுகிறேன்.

கீரிமலைக்காற்று:
அது முட்டியா, வாரின் முடிச்சா? எனக்கு இன்னும் முடிச்சாகத்தான் தெரிகிறது. எதற்கும் மட்டையிலிருந்து படத்தை உரிக்காதேங்கோ அண்ணை. மாரி தொடங்குது, அந்த றங்குப்பெட்டிக்குள்ளும் திரும்ப வைக்காதேங்கோ.