வாப்பா லீவும் பள்ளிக்கூட லீவும்: உங்கள் வீட்டில் எப்படி?

கீழக்கரை உம்மா:

துபாயில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலையும் ஆகஸ்ட்டும். அதனால் ஜூலை பிறந்தாலே எங்கள் தெருவில் பெட்டிகளோடு கார்கள் வந்து நிற்கும். இங்கேயோ ஜூனிலேயே பள்ளி திறந்து, இடைத்தேர்வுக்கு அட்டவணையும் போட்டிருப்பார்கள். வந்த பிள்ளைகள் நடுச்சாமம் வரை ஆட்டம் போட, நம் பிள்ளைகள் காலையில் தூங்கி வழிந்துகொண்டே வேன் ஏறும்.

எங்கள் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு, அது எந்த மாதம் என்பது கம்பெனி வைத்ததுதான். இந்தத் தடவை ஆகஸ்ட்டில் வந்தார். கொடைக்கானல் போய்விட்டு, காயல்பட்டினத்தில் லாத்தா (அக்கா) வீட்டில் தங்கி வரலாம் என்று பேச்சு. மகன் ஏழாவது, மகள் ஒன்றாவது.

ஒரு வாரம் லீவு கேட்டுப் பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மா விண்ணப்பத்தை வாசித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "குடும்பத்தோட வெளியூர்னு எழுதினா மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க. காய்ச்சல்னு எழுதிக் கொடுங்க, வேலை முடிஞ்சிரும்" என்றார். "வாப்பா வந்திருக்காக, பிள்ளைக்கு எதுக்குக் காய்ச்சல் வரணும்?" என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் தாளை வாங்கவில்லை. சரி என்று வகுப்பு டீச்சரிடமே போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல், அந்த வாரம் நடத்தப்போகும் பக்கங்களைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

மகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டில் வாப்பா கூப்பிட்டால் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவள், மலை ஏறும் பஸ்ஸில் தலை சுற்றுகிறது என்று சொல்லி அவர் மடியில் போய்ப் படுத்தாள். அதற்கப்புறம் இறங்கவே இல்லை. மகனுக்குத்தான் கணக்கில் முழுக்கள் பாடம் போய்விட்டது. கழித்தலைக் கழித்தால் எப்படிக் கூட்டலாகிறது என்று இன்னும் முழிக்கிறான். அவன் வாப்பாவும் விமானம் ஏறிவிட்டார். ஆனாலும் மறுபடி இப்படி ஒரு லீவு வந்தால் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்வேன். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மண்டபம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை:

காய்ச்சல் கடிதங்களை ஒரு கட்டாகவே கட்டலாம் அம்மா. போன வருஷம் ஒரு பையன், அம்மா எழுதிய கடிதத்தை ஒரு கையில் நீட்டினான், மறு கையில் ஊட்டி வர்க்கிப் பொட்டலம். "காய்ச்சல் தேவலையாடா?" என்றேன். "ரயில்ல ஜன்னல் சீட்டு டீச்சர்" என்றான்.

எங்களுக்குத் தினமும் காலையில் எமிஸ் என்கிற கல்வித் துறைச் செயலியில் வருகை போட்டாக வேண்டும். பிள்ளை ஏன் வரவில்லை என்று தெரிந்தால் எங்களுக்கும் நல்லது. சுற்றுலா போனதற்காகப் பெற்றோருக்கு அபராதம் எதுவும் இங்கே கிடையாது. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் மட்டும் 75 சதவீத வருகையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், அப்பாவோடு ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வரும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது போனதையெல்லாம் கதை கதையாகச் சொல்லும், விட்டதையும் பிடித்துவிடும். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிற நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுகிற பெண்பிள்ளைதான் பின்தங்குகிறாள். இன்று ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள் என்று போகும். அதற்கு யாரும் லீவு லெட்டர்கூடத் தருவதில்லை. பள்ளிகள் சுற்றுலாவுக்குக் காட்டும் கோபத்தில் பாதியை இங்கே காட்டலாம்.

தங்கச்சிமடத்துக்காரர்:

டீச்சர் சொல்வது சரி. எங்கள் கதை வேற மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில்தான் நிற்கும். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் முழு லீவு. நேரம் கிடக்கிறது, கையில் காசு இருக்காது. காசு புழங்கும்போது பள்ளிக்கூடம் நடக்கும்.

நாங்கள் குடும்பமாகப் போவது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு. அது பிப்ரவரி, மார்ச்சில் வரும், பரீட்சைக் காலம். மூத்தவள் பத்தாவது படித்த வருஷம், "நான் வரலப்பா, ரிவிஷன் டெஸ்ட் இருக்கு" என்று அவளாகவே ஆத்தா வீட்டில் தங்கிக்கொண்டாள். நாங்கள் அவள் பெயருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். சின்னவன் நாலாவது, அவனைக் கூட்டிப்போனோம். அவன் சாரிடம் முன்னாடியே சொல்லியாச்சு. "வந்து வகுப்புல எல்லாருக்கும் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

தொண்டிக்காரன், இப்போது இங்கிலாந்தில்:

அபராதம் இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், சந்தோஷப்படுங்கள். இங்கே 2024 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்க ஒரே கணக்கு. பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதி இல்லாமல் ஐந்து நாள் விட்டால், உள்ளூர் கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வரலாம். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தாண்டினால் 160. அதுவும் தாய்க்குத் தனி, தகப்பனுக்குத் தனி, பிள்ளைக்குப் பிள்ளை தனி.

தம்பி கல்யாணத்துக்கு ஜூலையில், பள்ளி மூடுவதற்கு முன்பே தொண்டிக்கு வந்தோம். தலைமையாசிரியர் அனுமதி தரவில்லை. இரண்டு பிள்ளைகள், ஆக 320 பவுண்டு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் விமான டிக்கெட் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால் அபராதத்தையும் சேர்த்து இதுவே மலிவு. இங்கே பலர் அபராதத்தை டிக்கெட் விலையோடு கூட்டித்தான் யோசிக்கிறார்கள். காய்ச்சல் கதை இங்கேயும் உண்டு, ஆனால் பள்ளியிலிருந்து போன் வந்தால் ரிங் அடிக்கும் சத்தமே வெளிநாடு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கீழக்கரை உம்மா:

320 பவுண்டா! அதில் நாங்கள் கொடைக்கானலை இன்னொரு தடவை சுற்றிவிடுவோம். டீச்சர், அந்த முழுக்கள் பாடத்தை மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தெரிந்தால் எழுதுங்கள்.

மண்டபம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை:

கடன் கணக்காகச் சொல்லிப் பாருங்கள் அம்மா. கடைக்காரருக்கு அவன் ஐந்து ரூபாய் பாக்கி, அதில் மூன்று ரூபாய் பாக்கியைக் கடைக்காரர் தள்ளிவிட்டார். அவனுக்கு லாபமா, நஷ்டமா என்று கேளுங்கள். பிடித்துக்கொள்வான்.