பிறைக்கும் கிரகணத்துக்கும் வித்தியாசம் காட்ட ஒரு வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால், பாதி வகுப்பு "பூமியோட நிழல் விழுது சார்" என்கிறது. அந்த நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே இருக்கும்? மூன்றாம் பிறையோ சூரியன் மறைந்த மேற்கிலேயே தெரிகிறது. இதைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள், மறுநாள் பழைய பதில்தான்.

சரி, செய்தே காட்டலாம் என்று இருட்டறையில் பல்பு எரியவிட்டு, ஆளுக்கொரு பந்தைக் கையில் பிடித்துச் சுற்றச் சொன்னேன். பிறை, அரைநிலா எல்லாம் அருமையாக வந்தது. பௌர்ணமியில்தான் சிக்கல். தலையின் நிழல் பந்தில் விழுந்து ஒவ்வொரு சுற்றிலும் கிரகணம்! "அப்போ மாசாமாசம் ஏன் வரல சார்?" என்றாள் ஒரு பெண். மிகச் சரியான கேள்வி.

நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடுகிறது. அளவு மாறாமல் காட்ட கணக்குப் போட்டேன். டேபிள் டென்னிஸ் பந்து (4 செ.மீ.) நிலா என்றால், பூமி சுமார் 15 செ.மீ. உருண்டை, இடைவெளி ஏறக்குறைய நாலரை மீட்டர். அங்கே பந்து 40 செ.மீ. வரை ஏறி இறங்க வேண்டும். வகுப்பறை போதாது, மைதானத்தில் வெயிலில் செய்யலாமா? சாய்வு மாறாமல் பந்தைச் சுற்றிக் கொண்டுபோக மலிவான அமைப்பு யாராவது செய்திருக்கிறீர்களா?

இன்னொன்று: 2025 செப்டம்பர் 7 இரவு முழு கிரகணத்தைப் படிப்படியாகப் படமெடுத்தவர்கள் தந்து உதவுங்கள். நிழலின் வளைந்த விளிம்பைப் பிறைப் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.