டேஷ்போர்டுக்குத் தமிழில் என்ன எழுதலாம்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

காவேரிப்பட்டணம், திங்கள் இரவு

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறோம். சாமை அரிசி, கேழ்வரகு மாவு, கொட்டை எடுத்த புளி, மாம்பழக் கூழ் என்று இணையத்தில் விற்கத் தொடங்கியவர்கள் வருகிறார்கள். கையேட்டைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

டேஷ்போர்டு என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையில் என்ன விற்றது, முகநூலிலும் கூகுளிலும் விளம்பரத்துக்கு என்ன போனது, இரண்டையும் ஒரே திரையில் அருகருகே காட்டுவதுதான் அது. பெரிய கம்பெனிகள் இதற்கென்று மாதா மாதம் பணம் கட்டுகின்றன. நாங்கள் கூகுள் ஷீட்டையும் எண்களை வரைபடமாகக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் லுக்கர் ஸ்டூடியோவையும் வைத்துச் சொல்லித் தருகிறோம். கூகுள் விளம்பரக் கணக்கு அதில் காசில்லாமல் இணையும். முகநூலை நடத்தும் மெட்டாவின் விளம்பரக் கணக்கை இணைத்துக் கொடுக்கும் கருவிகள் பெரும்பாலும் மாதக் கட்டணம் கேட்கும். அதனால் ஒவ்வொரு திங்களும் மெட்டாவிலிருந்து கோப்பை இறக்கி ஷீட்டில் ஒட்டச் சொல்லப் போகிறோம். செலவு இல்லை, பத்து நிமிட வேலை.

கையேட்டில் இதுவரை தகவல் பலகை என்று ஓரிடம், கட்டுப்பாட்டகம் என்று ஓரிடம், முகப்பு என்று ஓரிடம் எழுதியிருக்கிறேன். எதுவும் ஒட்டவில்லை. வியாழன் இரவுக்குள் ஒரு சொல் கொடுங்கள்.

ஊத்தங்கரை, செவ்வாய் காலை

தம்பி, கட்டுப்பாட்டகத்தை முதலில் அடித்துவிடுங்கள். அந்தத் திரை எதையும் கட்டுப்படுத்துவதில்லை, காட்ட மட்டும் செய்கிறது. முகப்பு என்றால் வலைத்தளத்தின் முதல் பக்கம் என்று ஆகிவிட்டது. தகவல் பலகை என்றதும் தாலுகா அலுவலக வாசலில் ஆணியடித்த பலகைதான் நினைவுக்கு வரும்.

நம் கையிலேயே ஒரு சொல் இருக்கிறது: அடங்கல். பல கணக்குகள் ஒன்றுக்குள் அடங்கி நிற்பது. ஏழு திருமுறைகளான தேவாரத்தைச் சேர்த்து அடங்கன்முறை என்றார்கள். கிராமக் கணக்கில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று எழுதுவதும் அடங்கல்தான். ‘விற்பனை அடங்கல்’ என்று எழுதுங்கள். வேரும் நம்முடையது, பொருளும் சரி. வகுப்பில் ஒரு முறை விளக்கினால் போதும், ஆயுளுக்கும் நிற்கும்.

அரூர், செவ்வாய் மதியம்

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அடங்கல் என்று சொல்லிப் பாருங்கள், ‘விஏஓ ஆபீஸ் இன்னிக்கு இருக்குதுங்களா’ என்றுதான் கேட்பார்கள். பயிர்க்கடனுக்கும் நிவாரணத்துக்கும் சிட்டா, அடங்கல் என்று அலைந்தவர்கள் அவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வரிசையில் நிற்கும் அலுப்பு வந்துவிடும். புதிதாகக் கற்க வந்தவர்களிடம் அந்த அலுப்போடு தொடங்க வேண்டாமே.

பென்னாகரம், செவ்வாய் இரவு

மூலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். குதிரை வண்டி ஓடும்போது குளம்படியில் சேறு தெறிக்கும். அது ஓட்டுபவர் மேல் படாமல் இருக்க வண்டியின் முன்னால் அடித்த பலகைதான் டேஷ்போர்டு. மோட்டார் வண்டி வந்தபோது அந்த இடத்தில் முள்ளும் அளவுமானியும் ஏறின. அங்கிருந்து கணினித் திரைக்குப் போனது. ஆகப் பெயர் வந்தது இடத்தால்தான், வேலையால் இல்லை.

வண்டியின் முன்புறம் என்றால் நம்மிடம் கொடிஞ்சி இருக்கிறது. சங்கப் பாட்டில் கொடிஞ்சி நெடுந்தேர் என்று வரும். தேர்த்தட்டின் முன்னால் தாமரை மொட்டு வடிவில் நட்டிருப்பார்கள், ஏறி நிற்பவர் கையால் பிடித்துக்கொள்ள. ஓட்டம் எவ்வளவு வேகமானாலும் கை அதில்தான் இருக்கும். வியாபாரிக்கு இந்தத் திரையும் அப்படிப்பட்ட பிடிமானம்தானே?

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். நம் தகடூர் மண்ணுக்கும் தேருக்கும் உறவு பழையது. புறநானூறு 87-இல் அதியமானை ஔவை எதற்கு ஒப்பிட்டாள்? நாளைக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும், அந்தச் சக்கரத்துக்கு. தருமபுரிக்காரர்கள் கொடிஞ்சியை மீட்காவிட்டால் வேறு யார் மீட்பது?

ஓசூர், செவ்வாய் இரவு

அண்ணா, கொடிஞ்சியைப் படித்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் 24 பக்கக் கையேட்டில் தேர் வரலாற்றுக்கு எங்கே இடம்?

நான் விளம்பரக் கணக்குகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். என் வாக்கு டேஷ்போர்டு என்று அப்படியே எழுதுவதற்குத்தான். அந்த அக்காமார்கள் வீட்டுக்குப் போய்ச் செல்பேசியைத் திறந்தால் திரையில் அந்தச் சொல்தான் இருக்கும். கையேட்டில் ஒன்று, திரையில் ஒன்று என்றால் தேடித் தேடிக் களைத்துப் போவார்கள். வடசொல் சிதைந்து வந்தாலும் தமிழோடு பொருந்தினால் விலக்க மாட்டார்கள் என்று தொல்காப்பியர் எச்சவியலில் இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா?

ஊத்தங்கரை, புதன் காலை

தம்பி ஓசூர், அந்த நூற்பா வடசொல்லுக்குச் சொன்னது. உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் திறந்துவிட்ட வாசல் இல்லை. அதற்கு முந்திய நூற்பாவில், வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால்தான் சொல் ஆகும் என்கிறார். டேஷ்போர்டில் ஷ-வை நீக்கி டேசுபோர்டு என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாது, தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் புரியாது.

திரையில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுவோம் என்கிறீர்கள். டேட்டா ஸ்டூடியோ என்று இருந்ததைத்தான் 2022-இல் லுக்கர் ஸ்டூடியோ என்று மாற்றினார்கள். அவர்கள் பெயரை மாற்றும்போதெல்லாம் நாமும் கையேட்டை மாற்றி அச்சடிப்போமா? கருவியின் பெயர் அவர்களுடையது, இருக்கட்டும். பொருளின் பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஓசூர், புதன் மதியம்

ஐயா, கருவியின் பெயர் வேறு, பொருளின் பெயர் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் என் ஊரிலிருந்தே ஒரு சொல் தருகிறேன்: நோட்டம். எங்கள் பக்கம் கன்னடம் பேசுபவர்கள் நாள் முழுக்க ‘நோடு, நோடு’ என்பார்கள், பார் என்று பொருள். தமிழில் நோட்டம் என்றால் நாணயத்தை உரசித் தட்டிச் சோதிப்பது. அதைச் செய்தவர் நோட்டக்காரர். இந்தத் திரையும் விளம்பரக் கம்பெனி சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல் தட்டிப் பார்க்கத்தான் இருக்கிறது. ‘விற்பனை நோட்டம்’ எப்படி?

பென்னாகரம், புதன் மதியம்

நோட்டம், நோக்கு இரண்டும் ஒரே அடி என்று எனக்குப் படுகிறது. நோன்பு கூட அங்கிருந்து கிளைத்திருக்கலாம், ஒன்றையே நோக்கி இருப்பதால். கன்னடத்தில் வழங்குவதால் மட்டும் அயல் என்று தள்ள முடியாது. ஒரு தாய் வயிற்றுச் சொல், அவர்கள் வினையாக வைத்துக்கொண்டார்கள், நாம் பெயராக வைத்துக்கொண்டோம். ஆனாலும் என் மனம் கொடிஞ்சியிலேயே இருக்கிறது.

ஊத்தங்கரை, புதன் மாலை

நோன்பு நோல் என்னும் அடியிலிருந்து வந்தது, பொறுத்தல் என்ற பொருளில். நோற்றல், நோற்பார் என்று குறளிலேயே பார்க்கலாம். நோக்கோடு அதைக் கட்ட வேண்டாம். நோட்டம் நல்ல சொல், அடங்கலுக்கு அடுத்தபடியாக ஏற்கிறேன்.

அரூர், புதன் இரவு

நோட்டத்தை இன்று மாலை எங்கள் குழுவில் சொல்லிப் பார்த்தேன். ஏழு பேர் இருந்தார்கள். ‘நோட்டம் விடறதா? அது திருடன் செய்யறது’ என்று முதல் வரிசையிலிருந்தே பதில் வந்துவிட்டது. நாணய நோட்டத்தை நான் விளக்கி முடிப்பதற்குள் பேச்சு யார் வீட்டில் மாடு திருடு போனது என்ற கதைக்குப் போய்விட்டது.

காவேரிப்பட்டணம், புதன் இரவு

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. பயிற்சிக்காக ஒரு மாதிரிக் கணக்கு போட்டேன். ஒரு வாரத்தில் கடைக்கு வந்தவை 40 ஆர்டர், ஒன்று 600 ரூபாய், மொத்தம் 24,000. மெட்டா திரையில் 28 ஆர்டர் தன்னால் வந்தது என்று இருக்கும், கூகுள் திரையில் 21 என்று இருக்கும். கூட்டினால் 49. வந்ததே 40 தானே என்று எவராவது எழுந்து கேட்பார்கள்.

காரணம் எனக்குத் தெரிகிறது. விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினாலும் மெட்டா தன் கணக்கில் சேர்க்கும். நாம் மாற்றாதவரை அமைப்பு அப்படித்தான் இருக்கிறது. கூகுளில் தொட்ட நாளிலிருந்து 30 நாள். அதுவும் வாங்கிய நாளில் எழுதாமல், விளம்பரத்தைத் தொட்ட நாளில் எழுதும். ஒரே அக்கா காலையில் முகநூலில் பார்த்து, இரவு கூகுளில் தேடி வாங்கினால் இருவருமே உரிமை கொண்டாடுவார்கள். இதை எளிய தமிழில் எப்படிச் சொல்வது? காரணம் சாட்டல், உரிமையேற்றம் என்றெல்லாம் எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

அரூர், வியாழன் காலை

தம்பி, இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மொய் நோட்டு.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நோட்டு, பெண் வீட்டுக்கு ஒரு நோட்டு. இரண்டு பக்கமும் வேண்டிய ஒருவர் வருகிறார், 500 ரூபாய் கொடுக்கிறார். இந்த மேசையிலும் பெயர் எழுதுகிறார்கள், அந்த மேசையிலும் பெயர் எழுதுகிறார்கள். இரவு இரண்டு நோட்டையும் கூட்டினால் ஆயிரம், பெட்டியில் ஐந்நூறுதான். நோட்டை நம்புவதா, பெட்டியை நம்புவதா? பெட்டியைத்தான்.

கடைக் கணக்குதான் பெட்டி. மெட்டாவும் கூகுளும் மொய் நோட்டு. ‘பெயர் எழுதுதல்’ என்றே வையுங்கள். ‘இந்த ஆர்டரை யார் பெயரில் எழுதுவது?’ என்று எங்கள் குழுவில் கேட்டேன், விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு பாட்டி மட்டும் ‘ரெண்டு பேரையும் எழுத வேண்டாம், பெட்டிய எண்ணு’ என்றார்.

ஓசூர், வியாழன் காலை

அரூர் அக்கா, எங்கள் தொழிலில் பாட்டி சொன்னதைத்தான் கடைசியில் செய்கிறோம். மொத்த விற்பனையை மொத்த விளம்பரச் செலவால் வகுப்பது. ‘விளம்பர ரூபாய்க்கு விற்பனை’ என்று எழுதினாலே போதும்.

மாதிரிக் கணக்கில் விளம்பரச் செலவு 6,000 என்று வைத்தால், ஒரு ரூபாய்க்கு 4 ரூபாய் விற்பனை. ஆனால் விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அந்த வரியைத் திரும்ப வரவு எடுக்க முடியாதவர்களுக்கு அது செலவுதான், 7,080 ஆகிவிடும். அப்புறம் கையில் பணம் கொடுக்கிறேன் என்று சொன்ன 5 பேர் பார்சலைத் திருப்பி அனுப்பினால் விற்பனை 21,000. இப்போது ரூபாய்க்கு 2.97 தான். நான்கு என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் விளம்பரத்தை இரட்டிப்பாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மாவு அரைத்த கூலி கூட மிஞ்சவில்லை. இந்த மூன்று வரியைக் கையேட்டில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

பென்னாகரம், வியாழன் மதியம்

ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துப் பாடியது நினைவுக்கு வருகிறது, புறம் 95. இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, பளபளவென்று காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. வண்ண வண்ண வட்டங்கள் போட்ட திரை பீலி அணிந்த வேல். ஓசூர் தம்பி சொன்ன மூன்று வரி கொல்லன் பட்டறையில் இருக்கும் வேல். கொடிஞ்சியை இந்த முறை விட்டுக்கொடுக்கிறேன். பெயர் எழுதுதலுக்கு என் முழு ஆதரவு.

காவேரிப்பட்டணம், வியாழன் இரவு 11 மணி

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன், செய்ய வேண்டிய நேரமும் ஆகிவிட்டது.

டேஷ்போர்டு: கணக்குப் பலகை. அரூர் அம்மா மாலையில் தொலைபேசியில் சொன்னது. பெட்டியும் நோட்டும் ஒரே பலகையில் இருக்கிறது என்று அவர்களே பேசிக்கொண்டார்களாம். ஓசூர், பென்னாகரம் இருவரும் சரி என்றுவிட்டார்கள். திரையில் ஆங்கிலப் பெயர் எந்த மூலையில் இருக்கும் என்று படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன், ஓசூர் சொன்ன தேடல் கஷ்டம் வராது. விளம்பரத்தின் பங்கைக் குறிக்க: பெயர் எழுதுதல். மொய் நோட்டுக் கதை 9-ஆம் பக்கத்தில் முழுதாக வருகிறது.

ஊத்தங்கரை, வெள்ளி காலை

பெயர் எழுதுதல் அருமை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. கணக்குப் பலகையை ஏற்க முடியவில்லை. பலகை என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் பின்பாதியை மொழிபெயர்த்தது, அவ்வளவுதான். சேறு தெறிக்காமல் அடித்த பலகை நம் கணக்குக்குள் ஏன் வர வேண்டும்? பலவற்றை ஒன்றாக அடக்கிக் காட்டுகிறது என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு அடங்கல் என்று என் பெயரில் எழுதி வையுங்கள்.

அரூர், வெள்ளி காலை

எழுதி வைக்கிறேன் ஐயா. பயிற்சிக்கு நீங்களும் வாருங்கள். முதல் நாள் மதியம் கணக்குப் பலகை பாடம், உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்று பக்கத்திலிருந்தே கேளுங்கள்.