ஸ்லைஸுக்கும் பார்ட்டிஷனுக்கும் தமிழில் என்ன சொல்வது?

கோவையிலிருந்து, கையேடு எழுதும் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த நான்கு 486 கணினிகளில், 1998-இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 2.2.8 பதிப்பை மாணவர்கள் தாங்களே நிறுவிப் பார்க்கும் பயிற்சி ஒன்றை நடத்திவருகிறேன். அதற்கான தமிழ்க் கையேடு வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் கிடைக்காமல் நிற்கிறேன்.

அந்த இயங்குதளத்தில் வன்தட்டு இரண்டு அடுக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. தட்டின் முதல் செக்டரில், அதாவது தட்டில் எழுதும் மிகச் சிறிய அலகில், நான்கு பதிவுகள் கொண்ட அட்டவணை இருக்கிறது. அதன்படி அமைவது வெளி அடுக்கு. டாஸ் என்ற பழைய இயங்குதளம் அதைப் பார்ட்டிஷன் என்கிறது. ஃப்ரீபிஎஸ்டி ஸ்லைஸ் என்கிறது. அந்த ஸ்லைஸுக்குள் டிஸ்க்லேபிள் என்ற இன்னொரு அட்டவணை இருந்து, ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளில் உள் அடுக்கைப் பிரிக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி அவற்றைத்தான் பார்ட்டிஷன் என்கிறது. நான் முதல் வரைவில் இரண்டுக்கும் 'பிரிவு' என்றே எழுதிவிட்டேன்.

விளைவு என்னவென்றால், ஒன்பதாம் படியில் "பழைய பிரிவை நீக்குக" என்று உள் அடுக்கை நினைத்து எழுதியிருந்ததை, ஒரு மாணவர் வெளி அடுக்குத் திரையில் செய்துவிட்டார். இரண்டு திரைகளிலும் நீக்குவதற்கு டி என்ற ஒரே விசைதான். அவர் நீக்கியது, தட்டின் தொடக்கத்தில் நான் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்த சிறிய டாஸ் பகுதி. கணினியைத் தொடக்கிவைக்கும் உள்நிரலான பயாஸ், அந்தத் தட்டை 64 தலைகள் (படித்தெழுதும் முனைகள்) கொண்டதாகக் கணக்கிடுகிறது. தட்டோ தன்னை 16 தலைகள் என்று அறிவிக்கிறது. டாஸ் பகுதி இருந்தவரை நிறுவி (நிறுவும் நிரல்) அதன் பதிவைப் பார்த்து பயாஸின் கணக்கை ஊகித்துக்கொண்டது. அது போன பிறகு, மறுநாள் மீண்டும் நிறுவியபோது, தட்டின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டது. நிறுவல் முழுதும் பிழையின்றி முடிந்து, மறுதொடக்கத்தில் "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்ற ஒற்றை வரி வந்து நின்றது. நிறுவி எழுதிய இடம் ஒன்று, பயாஸ் போய்த் தேடிய இடம் வேறு. அரை நாள் போயிற்று. பிழை மாணவருடையதன்று, என் சொல்லினுடையது.

சென்னையிலிருந்து, கணினி நிர்வாகி:

வணக்கம். இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்லைஸ், பார்ட்டிஷன் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். மாணவர் திரையில் காண்பது அந்தச் சொற்களைத்தான். இணையத்தில் தேடப்போவதும் அவற்றைத்தான். கையேட்டில் ஒரு சொல்லும் திரையில் வேறொரு சொல்லும் இருந்தால், அவருக்கு ஒன்றுக்கு இரண்டு குழப்பம் வந்து சேரும். பஸ்ஸையும் பேனாவையும் ஏற்றுக்கொண்ட மொழிக்கு ஸ்லைஸ் ஒரு பாரமாக இராது.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பிமார்களுக்கு, பாரம் சொல்லில் இல்லை, தேடாமல் இருப்பதில் இருக்கிறது.

பிரித்தலைக் குறிக்கத் தமிழில் பகு, வகு, பிரி, கூறு என்று வேர்கள் நிறைந்து கிடக்கின்றன. 'பகுதி' என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். நன்னூல் படித்தவர்க்குப் பகுதி என்றால் பகுபத உறுப்பு ஆறனுள் முதலாவது. 'பிரிவு' அகத்திணைக்குப் போய்விட்டது; போதாக்குறைக்கு செக்டரையும் பிரிவு என்று எழுதுகிறார்கள். ஸ்லைஸ் என்பதற்கு 'வகிர்' என்ற அருமையான சொல் இருக்கிறது. வகிர்தல் என்றால் கீறிப் பிளத்தல்; தலைமுடியை வகிர்வதால்தான் வகிடு. பிளந்த கீற்றுக்கும் வகிர் என்றே பெயர். திருவாசகத்தில் இறைவனை "மாவடு வகிரன்ன கண்ணி பங்கா" என்று விளிக்கிறார் மாணிக்கவாசகர். மாவடுவைப் பிளந்த கீற்றுப் போன்ற கண்ணை உடையவளைத் தன் பாகத்தில் கொண்டவனே என்பது பொருள். அந்த ஒரே தொடரில் ஸ்லைஸுக்கு வகிரும், பார்ட்டிஷனுக்குப் பங்கும் சேர்ந்து நிற்பதைப் பாருங்கள். வெளி அடுக்கு வகிர், உள் அடுக்கு பங்கு. திங்கட்கிழமை வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.

பெங்களூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா எடுத்துக்காட்டிய அடி மனத்தை விட்டு அகல மறுக்கிறது. ஆனாலும் நாம் எல்லோரும் தவறான கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்லைஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று கேட்பதே இங்கே பயன்படாது. ஏனென்றால் அந்தச் சொல்லே, ஃப்ரீபிஎஸ்டியும் சேர்ந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளக் குடும்பத்துக்குள் நிலையாக ஒன்றைக் குறிப்பதில்லை.

அதே காலத்துச் சோலாரிஸ் என்ற யூனிக்ஸைப் பிசியில் நிறுவிப் பாருங்கள். அங்கே வெளி அடுக்கு எஃப்டிஸ்க் பார்ட்டிஷன். அதற்குள் இருப்பதுதான் ஸ்லைஸ். ஃப்ரீபிஎஸ்டிக்கு நேர் எதிர். எஸ்சிஓ யூனிக்ஸில் வெளி அடுக்கு பார்ட்டிஷன், உள்ளே இருப்பது டிவிஷன். அதைப் பிரிக்கும் கட்டளையின் பெயர் டிவ்வி, அதாவது நம் பேச்சு வழக்கில் 'பங்கு போடு'. ஐயா கேட்டால் மகிழ்வார். இவ்வளவு ஏன், ஃப்ரீபிஎஸ்டியின் பழைய நிறுவியிலேயே முதல் திரையின் தலைப்பு 'எஃப்டிஸ்க் பார்ட்டிஷன் எடிட்டர்'. அதே திரையின் அடியில் சி விசைக்கு எழுதியிருப்பது 'ஸ்லைஸ் உருவாக்கு'. ஆகவே ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தால் குழப்பம் தீரும் என்று சென்னை நண்பர் சொல்வது சரியன்று. அந்தக் குழப்பத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

இதில் குற்றம் யாருடையது என்று பார்த்தால், யூனிக்ஸ்தான் மூத்தது. 1970-களில் பிடிபி-11 கணினிகளில் ஓடிய யூனிக்ஸில், தட்டு எங்கெங்கே பிரிய வேண்டும் என்பது தட்டை இயக்கும் நிரலின் மூலநிரலிலேயே எண்களாக எழுதப்பட்டிருந்தது. பிசியின் நான்கு பதிவு அட்டவணை 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன்தான் வந்தது. 1992-இல் ஜோலிட்ஸ் தம்பதியர் 386பிஎஸ்டியை வெளியிட்டு யூனிக்ஸின் கிளையான பிஎஸ்டி மரபைப் பிசிக்குக் கொண்டுவந்தபோது, பார்ட்டிஷன் என்ற பெயருக்கு இரண்டு உரிமையாளர்கள் ஒரே தட்டில் சந்தித்துக்கொண்டார்கள். பின்னர் வந்த ஃப்ரீபிஎஸ்டி தன் பெயரை விட்டுக்கொடுக்காமல், வந்தேறியான டாஸ் அடுக்குக்கு ஸ்லைஸ் என்று புதுப்பெயர் சூட்டிவிட்டது.

எனவே சொல்லைப் பெயர்க்காமல் அடுக்கைப் பெயரிடலாம் என்பது என் கருத்து. நம் நில ஆவணங்களில் இதே இரண்டடுக்கு இருக்கிறது. புல எண் 112. அதற்குள் உட்பிரிவு 3. தட்டில் வெளி அடுக்கு புலம், உள் அடுக்கு உட்பிரிவு. பட்டா வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

திருநெல்வேலித் தமிழாசிரியர்:

அம்மா, அடுக்கைப் பெயரிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புலம் மட்டும் வேண்டாம். ஐம்புலன் இருக்கட்டும், உங்கள் துறையிலேயே தரவுத்தளத்தின் ஃபீல்டுக்குப் புலம் என்று எழுதுகிறீர்கள். அதற்கும் மேலாக, அந்தத் தட்டு எழுதுவதே காந்தப்புலத்தால் அல்லவா? புலத்தால் புலத்தில் புலத்தை எழுதுவதா?

நிலத்துக்கு வந்துவிட்டபடியால் சொல்கிறேன், உள் அடுக்குக்குப் 'பாத்தி' பொருந்தும். பகுத்தல் என்பதே பாத்தல் என்றும் வரும். குறளில் பாத்தூண் என்றால் பகுத்து உண்ணும் உணவு. பாத்தியும் அந்த வழி வந்ததுதான். கீரைப்பாத்தி, தூத்துக்குடி உப்புப்பாத்தி எல்லாம் பகுக்கப்பட்டவையே. ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வரப்பு காக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வாசகர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் புல எண் என்றால் பலருக்கு விளங்காது. காணி என்றால்தான் விளங்கும். பாத்தி இரு கரையிலும் விளங்கும் என்பதால் அதற்கு என் ஆதரவு.

டிஸ்க்லேபிளுக்கு எவரும் சொல் கேட்கவில்லை. நானாகவே ஒன்று தருகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் காணிகள் யாருடையவை, எவ்வளவு பரப்பு என்று பதிந்துவைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். ஸ்லைஸின் இரண்டாம் செக்டரில் குந்தியிருந்து, எந்தப் பாத்தி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும் அட்டவணைக்கு அதைவிடச் சிறந்த பெயர் கிடைக்குமோ?

திருநெல்வேலித் தமிழாசிரியர்:

தோம்பு போர்த்துகீசியச் சொல்.

யாழ்ப்பாண வாசகர்:

ஓம் ஐயா. நானூறு ஆண்டாக எங்களோடு இருக்கிறது. இன்னும் எவ்வளவு காலம் வெளியில் நிற்க வேண்டும்?

சென்னைக் கணினி நிர்வாகி:

சோலாரிஸ் தலைகீழ் என்பதை நான் மறந்துதான் போனேன், ஏற்கிறேன். அதில் இன்னொரு பழைய காயமும் உண்டு. அந்தக் காலத்துப் பிசி சோலாரிஸின் வெளி அடுக்குக்கான அடையாள எண் 130; லினக்ஸின் ஸ்வாப் இடத்துக்கும் (நினைவகம் போதாதபோது தட்டில் பயன்படும் இடம்) அதே 130. அதே தட்டில் லினக்ஸை நிறுவப் போனால், அதன் நிறுவி சோலாரிஸ் முழுவதையும் வெற்று ஸ்வாப் என்று நினைத்துக்கொள்ளும். எண்ணில்கூடச் சொற்குழப்பம் வரும் என்பதற்காகச் சொன்னேன்.

பாத்திக்கு வருகிறேன். பாத்தி என்றால் வரப்பு. ஒன்றன்மேல் ஒன்று படியாது. ஆனால் டிஸ்க்லேபிளில் ஏ என்பது ரூட் (இயங்குதளத்தின் மூலக் கோப்புகள் இருக்கும் இடம்), பி என்பது ஸ்வாப், சி என்பது ஸ்லைஸ் முழுவதும். அதாவது ஏயும் பியும் மற்றவையும் எல்லாம் சியின்மேல் படிந்தே கிடக்கின்றன. முழு வயலையும் ஒரு பாத்தி என்று சொல்வீர்களா? சொன்னால் மாணவர் அதையும் ஒரு பாத்தி என்று நம்பி, அதன்மேல் புதிய கோப்பமைப்பை எழுதும் நியூஎஃப்எஸ் கட்டளையை ஓட்டுவார். ரூட்டும் போகும், மற்றவையும் போகும்.

பெங்களூர் மொழிபெயர்ப்பாளர்:

இது இதுவரை வந்த மறுப்புகளில் வலுவானது. ஆனால் பார்ட்டிஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு என்பதைக் கவனியுங்கள். முழுமையைப் பிரிவினை என்று அழைத்தது பிஎஸ்டிதான். யாழ்ப்பாண நண்பரின் சொல் இங்கே உதவுகிறது. சி ஒரு பாத்தியன்று. தோம்பில் உள்ள ஒரு வரி. நிலத்தின் மொத்தப் பரப்பை ஏட்டின் ஒரு வரியில் எழுதிவைப்பதுபோல். "சி என்பது பாத்தி அல்ல, முழு அளவைச் சொல்லும் வரி, அதில் எதையும் எழுதாதே" என்று கையேட்டில் ஒரு வாக்கியம் போதும். ஸ்லைஸ், பார்ட்டிஷன் என்று எழுதினாலும் இந்த வாக்கியத்தை எழுதியே ஆக வேண்டும்.

கோவை ஆசிரியர்:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. அச்சகத்துக்கு அனுப்பியதைத் தெரிவிக்கிறேன்.

உள் அடுக்கு: பாத்தி. இதில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துவந்தீர்கள். டிஸ்க்லேபிளுக்குத் 'தட்டேடு' என்று போட்டேன். தோம்பு எனக்குப் பிடித்திருந்தும், கோவை மாணவர்களுக்கு அதற்கே தனி அடிக்குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வெளி அடுக்குக்கு வகிரையும் புலத்தையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். வகிர் என்றதற்கு மாணவர்கள் 'வகுப்பா?' என்றார்கள், புலம் என்றதற்குத் தரவுத்தளம் படித்தவர்கள் குழம்பினார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லார் வீட்டிலும் அறிந்தது என்பதால் 'பாகம்' என்று முடித்தேன். முதல் திரை பாகத் திரை, இரண்டாம் திரை பாத்தித் திரை. ஒன்பதாம் படி இப்போது "பாத்தித் திரையில் பழைய பாத்தியை நீக்குக" என்று இருக்கிறது. சென்னை நண்பர் கேட்டபடி, முதல் முறை வரும் இடத்தில் திரையில் தெரியும் சொல்லையும் தமிழ் எழுத்தில் உடன் தந்திருக்கிறேன்.

அந்த மாணவரின் கணினியில் டாஸ் பாகத்தை மீண்டும் தட்டின் தொடக்கத்தில் உருவாக்கி, பயாஸ் எட்டக்கூடிய முதல் 1,024 உருளைகளுக்குள் ரூட் பாத்தி முழுதும் அடங்கும்படி நிறுவினோம். தொடங்குகிறது.

சென்னைக் கணினி நிர்வாகி:

நல்லது. என் இளைய சகாக்களிடம் நான் ஸ்லைஸ் என்றுதான் சொல்வேன். உங்கள் மாணவர் எவரேனும் இங்கே வேலைக்கு வந்தால் பாகம் என்று அவர் சொல்லட்டும், புரிந்துகொள்கிறேன்.

திருநெல்வேலித் தமிழாசிரியர்:

தம்பி, பாத்திக்கு மகிழ்ச்சி. பாகத்துக்கு என் மறுப்பைப் பதிந்துவையுங்கள்: அது வடசொல், சமையலறையில் சர்க்கரைப் பாகுக்கும் அந்தப் பெயர் உண்டு. வகிரை மாணவர்கள் ஒரே ஒரு முறை கேட்டார்கள். ஒரு முறை கேட்டால் எந்தச் சொல்தான் புரியும்? இரண்டாம் பதிப்பு எப்போது?